கிழக்கே சாய்த்து வைத்த ரொட்டி மெஷின்

1

எங்கள் வீட்டு ரொட்டி மெஷினோடு ஒரு சமையல் புத்தகமும் வந்தது. அட்டையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல ஒரு ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிப்பாள். உள்ளே நூறு வகைக்கு மேல் ரொட்டி. போன வாரம் கீழ் வீட்டுத் திருச்சிப் பெண் அதை இரவல் வாங்கிப் போனாள். திருப்பித் தரும்போது கேட்டாள்.

"என்னக்கா, ரொட்டி செய்யற பக்கமெல்லாம் புத்தம் புதுசா இருக்கு. கடைசியில 'என்ன தப்பு நடந்தது'ன்னு ஒரு பக்கம் இருக்கே, அதுல மட்டும் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கு? அந்தப் பக்கத்துக்குப் பூஜையா போட்டீங்க?"

ஒருவகையில் பூஜைதான். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. எனக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. பாதியிலேயே கண் தரைக்குப் போய்விடும். தரையைப் பார்த்துச் சொல்கிற கதையை யார் கேட்பார்கள்? எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

என் ஊர் கொல்லிமலையில் வாழவந்தி நாடு. எங்கள் மலையில் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. செம்மேட்டில் பத்தாவது வரை படித்தேன். கணவர் மலைக்குக் கீழே சமவெளிக்காரர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தார். கனடாவில் வெல்டர்கள் தேவை என்று தெரிந்து ஒரு நண்பர் மூலம் போனார். 1997 ஐப்பசியில் நானும் ஐந்து வயது மகள் கவிதாவும் பின்னால் போய்ச் சேர்ந்தோம். டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். ஆறு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி.

பொங்கல் பானை எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்ப்பது நம் ஊர்ப்பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவார்கள். கிழக்கே வழிந்தால் அந்த வருடம் நினைத்ததைத் தொடங்கலாம். மேற்கே வழிந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். வடக்கு, தெற்கு என்றால் ஆளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை பிடிக்கலாம். பானையில் அரிசி போடுவது வீட்டில் பிறந்த பெண். என் தம்பி பொன்னுசாமிக்கு நான் ஒரே அக்கா. அதனால் நான் கனடா வந்த பிறகும் அவனுக்கு என் பானைதான் கணக்கு. அவன் மனைவி வாசலில் மூன்று கல் கூட்டி வைக்கும் பொங்கல் சாப்பிட மட்டும்.

கனடாவில் முதல் பொங்கலன்று விடிந்ததும் பித்தளைப் பானையை மின்சார அடுப்பில் வைத்தேன். பால் பொங்கி, சிவந்திருந்த கம்பியின்மேல் வழிந்தது. நான் "பொங்கலோ பொங்கல்" என்றேன். கூரையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெட்டி என்னைவிடச் சத்தமாகக் கத்தியது. கட்டடம் முழுவதும் மணி அடித்தது. நாற்பது குடும்பங்கள் படுக்கை உடையோடு பனியில் போய் நின்றன. தீயணைப்பு வண்டி வந்தது. தலையில் இரும்புத் தொப்பியோடு இரண்டு பேர் என் பொங்கல் பானையை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். ஒருவர் கையில் படிவம். 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். என் கணவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி, "காட். சன். மில்க்" என்றார். அந்த மனிதர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் கட்டட மேனேஜரிடமிருந்து கடிதம் வந்தது. இன்னொரு முறை நடந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்.

3

அடுத்த வருடத்திலிருந்து அடுப்பைக் குறைத்து வைத்தேன். பொங்கல் பொங்கவில்லை. பயந்து பயந்து வெந்தது.

எங்களுக்குக் காலை எட்டரை என்றால் செம்மேட்டில் இரவு ஏழு. பொங்கலன்று தம்பி அங்கே டெலிபோன் பூத்தில் வந்து காத்திருப்பான். நான் கூப்பிட வேண்டும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"எந்தப் பக்கம் பொங்குச்சு, அக்கா?"

பொங்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது? அதற்கு மேற்கே பொங்கியது என்பதே மேல். வாய் தானாகவே சொன்னது.

"கெழக்கால."

அதை நம்பி அவன் அந்த வருடம் மிளகுக் கொடி வைத்தான். அடுத்த வருடமும் கேட்டான், நானும் "கெழக்கால" என்றேன், கிணறு வெட்டினான். அதற்கு அடுத்த வருடம் இரண்டு மாடு வாங்கினான். கனடாவில் பொங்காத பானையை நம்பிக் கொல்லிமலையில் ஒரு மிளகுத் தோட்டம், ஒரு கிணறு, இரண்டு மாடு. மலைமேல் இருக்கும் சாமிகளுக்கு என் பொய் தெரிந்திருக்கும். ஆனால் அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கும் நான் பேசாத ஆள் என்று தெரியுமோ என்னவோ.

4

ரொட்டி மெஷினை என் கணவர் 2000-ல் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பனையில் வாங்கினார். கடை ரொட்டி தலையணைப் பஞ்சு மாதிரி இருக்கிறது, பட்டறைக்குக் கொண்டுபோனால் பத்து மணிக்கே பசிக்கிறது என்பது அவர் புகார். மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பொத்தானை அமுக்கினால் அதுவே பிசைந்து, அதுவே புளிக்க வைத்து, அதுவே சுட்டு, நாலு முறை கீச்சிட்டுக் கூப்பிடும் என்றார்கள்.

கவிதாவின் பள்ளிக்கூட அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் படித்தேன். 'வெதுவெதுப்பான தண்ணீர்' என்று கண்டுபிடிக்கவே ஒரு காலைப் பொழுது போயிற்று. முதல் ரொட்டி வந்தது. என் கணவர் அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இத அறுக்கக் கத்தி பத்தாது. பட்டறையில இருந்து கேஸ் கட்டர் கொண்டாரேன்."

இரண்டாவது தடவை ராகி மாவு கலந்தேன். அது இன்னும் உறுதி. கவிதா தோழிகள் வரும் நேரத்தில் அதை எடுத்து அலமாரிக்குள் ஒளித்துவிட்டாள். "அம்மா, ப்ளீஸ், அவங்க முன்னாடி இத ப்ரெட்னு சொல்லாத" என்றாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. என்னைப் பார்த்து வெட்கப்படும் பழக்கம் அந்த வருடம்தான் தொடங்கியது. நானே எல்லாவற்றுக்கும் வெட்கப்படுகிறவள், அதனால் அவளிடம் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

ஆறு மாதத்தில் ரொட்டி ரொட்டியாக வந்தது. மெஷினுக்கு ஒரு கெட்ட குணம் மட்டும் போகவில்லை. மாவு பிசையும்போது அது ஆடிக்கொண்டே சமையல் மேடையில் நகர்ந்து போகும். ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் விளிம்புவரை போய், என்னை எட்டிப் பார்த்தது.

5

2002 மார்கழியில் தம்பி மகள் சுமதியிடமிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். கடிதம் அப்படியே நினைவிருக்கிறது.

'அத்தை, பைல் நாட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டிருக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்கிறார்கள். மாப்பிள்ளை நல்லவர்தான், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு நர்சிங் படிக்க வேண்டும், அவ்வளவுதான். சேலத்தில் சேரலாம் என்று டீச்சர் சொல்கிறார்கள். அப்பா பொங்கல் கழித்துப் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டார். உங்கள் பானை கிழக்கே பொங்கினால் படிப்பு, மேற்கே பொங்கினால் கல்யாணம். நீங்கள் எப்போதும் கிழக்கே என்றுதானே சொல்வீர்கள்? இந்தத் தடவையும் சொல்லிவிடுங்கள்.'

அந்தப் பெண் என் குட்டை எப்போதோ கண்டுபிடித்திருக்கிறாள் என்று தோன்றியது.

வழக்கம்போலச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் என்னால் முடியவில்லை. கிணற்றுக்குப் பொய் சொல்லலாம். மாட்டுக்குச் சொல்லலாம். ஒரு பெண்ணை மலையைவிட்டு இறக்குவதற்குப் பொய் சொல்லி, நாளைக்கு அங்கே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சாமியை நான் அவ்வளவு நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். கேட்கப்படாத வரைக்கும் நம்பாமல் இருக்கலாம். கேட்டுவிட்டால் பயம் வந்துவிடுகிறது.

இந்தத் தடவை நிஜமாகவே பொங்க வேண்டும். ஆனால் புகை வரக்கூடாது. மேனேஜர் கடிதம் இன்னும் குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒட்டியிருந்தது.

யோசித்துக்கொண்டே ஒருநாள் ரொட்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். 'மாவு பொங்கி வழிந்தால் காரணங்கள்' என்று ஒரு பட்டியல். உப்புப் போட மறந்தால் வழியும். ஈஸ்ட் கூடினால் வழியும். சர்க்கரை கூடினால், தண்ணீர் கூடினால், பாத்திரம் கொள்ளாத அளவுக்கு மாவு போட்டால் வழியும். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பொங்கல் வைப்பதற்கு இவ்வளவு தெளிவான குறிப்பு நான் எங்கேயும் படித்ததில்லை. அதோடு மெஷினில் 'மாவு மட்டும்' என்று ஒரு பொத்தான் இருந்தது. பிசையும், பொங்க வைக்கும், சுடாது. சூடு இல்லை, புகை இல்லை, தீயணைப்பு வண்டி இல்லை.

6

கிழக்கு எது என்பதில் ஒரு சிக்கல். கவிதா பள்ளிக்கூடத்திலிருந்து திசைகாட்டி கொண்டுவந்தாள். ஐந்து வருடமாக நான் கிழக்கு என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது தென்மேற்கு என்று தெரிந்தது. அந்தப் பக்கம் கட்டடத்தின் குப்பை அறை இருக்கிறது.

பொங்கலன்று விடியும் முன்பே எழுந்து குளித்தேன். மெஷினின் மூடியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். புத்தகம் பக்கத்திலேயே திறந்திருந்ததால் அதற்கும் கொஞ்சம் போயிற்று. தண்ணீருக்குப் பதில் பால். சர்க்கரைக்குப் பதில் வெல்லம், இரண்டு மடங்கு. ஈஸ்ட் மூன்று மடங்கு. உப்பு இல்லை. மாவு பாத்திரத்தின் கழுத்துவரை. மேலே ஊரிலிருந்து வந்த சாமை அரிசி ஒரு கைப்பிடி, பிறந்த பெண்ணின் கையால். பிறகு ஒரு செய்தித்தாளை மடித்து, மெஷினின் மேற்குப் பக்கத்துக் கால்களுக்கு அடியில் வைத்தேன்.

கவிதா கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா சாய்ச்சு வெக்கற?"

"கெழக்கால பொங்கோணும், கண்ணு."

"அது சாமி டிசைட் பண்றதுன்னு சொன்ன?"

"சாமிக்கு ஒரு ஒத்தாசை."

அவள் திசைகாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மெஷினுக்கு நேராக உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் என்னோடு சமையலறையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பொத்தானை அமுக்கினேன். அத்தனை மாவை அந்த மெஷின் அதற்கு முன் கண்டதில்லை. முக்கியது, முனகியது, ஆடியது. ஆடி ஆடி மேற்கே நகர்ந்தது. மேற்குக் கால்கள் செய்தித்தாளைத் தாண்டி இறங்கின. கிழக்குக் கால்கள் அதன்மேல் ஏறிக்கொண்டன. இப்போது அது அழகாக மேற்கே சாய்ந்து நின்றது.

"ஏம்புள்ள, திருப்பி வெச்சர்லாமே?" என்றார் என் கணவர்.

"பானைய வெச்சப்பறம் தொடக்கூடாதுங்க."

"சாய்க்கலாம், தொடக்கூடாதா? என்ன சட்டமுங்க இது, கனடாக்காரன் சட்டத்தவிட மோசமா இருக்குது?"

நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். தொட்டுவிடலாம் என்று பத்து முறை கை போயிற்று, பத்து முறை திரும்பியது. மாவு ஏறியது. மூடியின் கண்ணாடி முழுக்க வெள்ளையாயிற்று. மூடி தானாகத் தூக்கிக்கொண்டது. ஒரு நாக்கு வெளியே வந்தது. நாங்கள் மூன்று பேரும் மேனேஜருக்குக் கேட்டுவிடாதபடி ரகசியக் குரலில் "பொங்கலோ பொங்கல்" என்றோம்.

கவிதா திசைகாட்டியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"வெஸ்ட், அம்மா," என்றாள். சொல்ல மனமில்லாமல்தான் சொன்னாள்.

7

எட்டரைக்குப் போன் செய்தேன். செம்மேட்டு பூத்தில் பொங்கலன்று கூட்டம். பின்னால் யார் யாரோ பேசுவது கேட்டது.

"அக்கா, எந்தப் பக்கம்?"

போன் வயரை விரலில் சுற்றினேன்.

"அக்கா? லைன்ல இருக்கறயா இல்லயா?"

"மேக்கால," என்றேன்.

அந்தப் பக்கம் அவன் மூச்சு விட்டது கேட்டது. வருத்தத்தில் விட்ட மூச்சு இல்லை. தப்பித்தோம் என்று விட்ட மூச்சு.

"மேக்காலயா? செரி, சாமி உத்தரவு. நாளைக்கே பைல் நாட்டுக்காரங்களுக்குச் சொல்லி உட்டர்றேன்."

அந்த மூச்சுதான் என்னைக் கிளப்பிவிட்டது. மேற்கு என்று வரவேண்டும் என்றே அவன் அங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறான்.

"பொன்னு, நில்லு. அது பானையே இல்ல. ரொட்டி மெஷினு."

"என்னது?"

"ரொட்டி சுடற மெஷினு. அதுல மாவப் போட்டுப் பொங்க வெச்சேன். இங்க பானை பொங்குனா ஊட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க."

"அப்ப போன வருசம் எதுல பொங்குச்சு?"

"பொங்கவே இல்ல."

"அதுக்கு முந்தின வருசம்?"

"அதும் இல்ல. மொத வருசம் ஒருக்காத்தான் பொங்குச்சு. அன்னிக்கு வண்டியே வந்திருச்சு."

"அக்கா! உன்ற பேச்சக் கேட்டு நான் கெணறு வெட்னேன்!"

"தண்ணி வந்துச்சா இல்லயா?"

"...வந்துச்சு."

"மொளகு?"

"காய்க்குது."

"மாடு?"

"ஒண்ணு செத்துப்போச்சு."

"ஒண்ணுதான?"

பூத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "அந்தக்கா கேக்கறது ஞாயந்தானப்பா, பேசிட்டு சீக்கிரம் போன வைய்யி" என்று ஒரு குரல் கேட்டது. பொன்னுசாமி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உனக்கென்ன அக்கா. ஒருத்திய மலைய உட்டு அனுப்புனோம். அஞ்சு வருசமா அவ போன்லதான் வாரா. இவளும் அப்படி ஆயிட்டா நான் என்ன பண்றது?"

அவன் என் பானையைக் கேட்டு வந்ததற்குக் காரணம் சாமி மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. என்னால் வந்த பயத்துக்கு என்னிடமே மருந்து கேட்டிருக்கிறான். நான் தரையைப் பார்த்தேன். தரையில் மாவு சொட்டிக்கொண்டிருந்தது. கவிதா ஒரு துணியோடு கீழே உட்கார்ந்து, துடைக்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் பொங்குனா என்ன. புள்ளைய அனுப்பு," என்றேன். "நான் சொல்றேன்."

நாற்பத்திரண்டு வயதுவரை நான் யாரிடமும் 'நான் சொல்கிறேன்' என்று சொன்னதில்லை. சொன்னதும் காது சுட்டது.

"நீ சொல்லிருவ. கொண்டுபோயி உடறது ஆரு? என்னால அவள அங்க உட்டுட்டுத் திரும்பி வர முடியாதுக்கா. அனுப்பச் சொன்னவ நீயே வந்து சேத்தி உடு. இல்லைன்னா பைல் நாடுதான்."

"வாரேன்," என்றேன்.

"நெசமாலுமா?"

"வாரேன்னு சொல்றனில்ல."

8

ஆவணியில் தனியாக ஊருக்கு வந்தேன். செம்மேட்டில் பஸ் ஏறும்போது சுமதி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தகரப் பெட்டி காலடியில். தம்பி பஸ் நிலையத்தோடு நின்றுவிட்டான், பஸ் கிளம்பும் முன்பே திரும்பி டீக்கடைக்குள் போய்விட்டான். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தது நான்தான். பிறந்த மலை. கனடா போய் வயிறும் வெள்ளைக்காரியாகிவிட்டது. சுமதி முதுகைத் தடவிவிட்டு, "தல நிமிந்து தூரமாப் பாருங்க அத்தை" என்று நர்ஸ் மாதிரியே சொன்னாள்.

சேலத்தில் கல்லூரி அலுவலகத்தில் படிவத்தை நீட்டினார்கள். பாதுகாவலர் முகவரி என்ற இடத்தில் என் முகவரியை எழுதினேன். கட்டங்கள் போதவில்லை. கடைசி நான்கு எழுத்துகளை ஓரத்தில் நெருக்கி எழுதினேன். குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க கனடாவா? இந்தப் பொண்ணுக்கு ராத்திரி காய்ச்சல் வந்தா நாங்க கனடாவுக்கா தந்தி குடுக்கறது? இங்க இருக்கற ஆள் பேரப் போடுங்க."

அடித்துவிட்டுப் பொன்னுசாமியின் பெயரையும் வாழவந்தி நாட்டையும் எழுதினேன். கட்டங்கள் சரியாக இருந்தன.

விடுதியில் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். ஆறுதல் சொல்ல நான் வழியெல்லாம் மனத்துக்குள் வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். நான் முதல் வருடம் கனடாவில் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததைச் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர்ப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஐந்து நிமிடத்தில் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். சுமதி திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, நீங்க கெளம்புங்க. கடைசி பஸ்ஸு போயிரும்."

வாசல்வரைகூட வரவில்லை.

செம்மேட்டில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பொன்னுசாமி மொபெட்டின்மேல் உட்கார்ந்திருந்தான். மத்தியானத்திலிருந்தே அங்கேதான் இருக்கிறானாம், டீக்கடைக்காரர் சொன்னார். அவன் என்னிடம் விடுதி எப்படி என்று கேட்கவில்லை. சோறு எப்படி, கூட இருக்கிறவர்கள் யார் என்று எதுவும் கேட்கவில்லை.

"அழுதாளா?"

முகத்தைப் பார்த்துப் பேச வராத எனக்கு, அன்றைக்கு அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

"அழுதா. வாசக் கேட்டு வரைக்கும் என்ற கையப் புடிச்சுட்டு வந்து அழுதா."

"ரொம்பவா?"

"ரொம்ப. அப்பாவ உட்டுட்டு எப்படி இருப்பேன்னு ஒரே அழுகை."

அவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். "புள்ள பாவம்," என்றான். பிறகு வண்டியை உதைத்து, "ஏறு அக்கா, சோறு ஆறுது" என்றான். வாழவந்தி நாடு வரும்வரை சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினான்.